ஜெட்டி ஓரத்து அலைக்கு ஏன் இத்தனை கூட்டம்?

பினாங்கின் தெலுக் பாஹாங் மீனவர் ஜெட்டியின் நுனியில் ஒரு சாயங்காலம் நின்றுகொண்டிருந்தோம். கீழே தூண்களில் தண்ணீர் சளக் சளக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. கடலின் சத்தம் அன்று அவ்வளவுதான். அக்கா மகன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் பீச். நீளமான கான்கிரீட் ஜெட்டி, அதை ஒட்டி ஆள் உயர அலை, ஒரே அலையில் அலைச்சறுக்குப் பலகைமேல் நாலு பேர், சுற்றிலும் தண்ணீரில் மிதக்கும் தலைகள்.

"மாமா, நம்மகிட்டயும் ஜெட்டி இருக்கு, மணல் இருக்கு. இந்த மாதிரி அலை ஏன் இல்ல? அப்புறம், அவ்ளோ நீளக் கடற்கரைய விட்டுட்டு எல்லாரும் ஏன் அந்த ஒரே இடத்துல போய்க் குமியிறாங்க?"

முதல் கேள்வி நல்ல கேள்வி. இரண்டாவது அதைவிட நல்ல கேள்வி. ஜெட்டிமேல் வேடிக்கை பார்க்க ஆள் இருக்கிறது, அதனால்தான் அங்கே போகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி தண்ணீருக்கு அடியில், மணலில் கிடக்கிறது.

போகிற போக்கில் இந்தச் சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் நமக்கு எல்லாமே ஜெட்டிதான்: பெர்ரி ஜெட்டி, மீனவர் ஜெட்டி, சீனக் குலங்களின் ஜெட்டிகள். தமிழ்நாட்டு உறவினரிடம் போனில் "ஜெட்டியில் நிற்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆகும். புதுச்சேரிக்காரர்கள் கடற்பாலம் என்பார்கள், அழகான சொல். ஆனால் நாக்குக்குப் பழகியது ஜெட்டி, அதையே வைத்துக்கொள்கிறேன்.

சரி, முதலில் நம் கடல். அலையைச் செய்வது காற்று. காற்றின் வேகம் என்ன, எத்தனை மணி நேரம் வீசியது, எவ்வளவு தூரம் தடையில்லாமல் தண்ணீர்மேல் ஓடியது, இந்த மூன்றும் சேர்ந்துதான் அலையின் அளவைத் தீர்மானிக்கின்றன. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகாவுக்கு வடக்கே, புயல்கள் ஆண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அங்கே கிளம்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும் வழியில் தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன. கிளம்பும்போது கண்டபடி குழம்பிக் கிடந்தவை, வந்து சேரும்போது 12, 14 நொடிக்கு ஒன்றாக வரிசை கட்டி வருகின்றன. சறுக்குபவர்கள் இதை ஸ்வெல் என்பார்கள். கன்னியாகுமரி, கேரளக் கரைகளில் இதே அலை திடீரென்று ஊருக்குள் ஏறினால் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் கடல் திருடனைப் போல உள்ளே வந்துவிடும். இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த மொழியிலும் நான் கேட்டதில்லை.

அந்த ஸ்வெல் பாலிக்குப் போகிறது, நியாஸ் தீவுக்குப் போகிறது, மெந்தாவாய் தீவுகளுக்குப் போகிறது. உலகம் முழுவதிலுமிருந்து சறுக்குபவர்கள் அங்கே வருவதும் அதனால்தான். பினாங்குக்கு மட்டும் வருவதில்லை. நடுவே சுமத்ரா, 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளமான தீவு, குறுக்கே படுத்திருக்கிறது. நாம் அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறோம். மலாக்கா நீரிணைக்குள் உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை மட்டுமே நமக்குப் பங்கு. விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையுமாக ஒரு பாட்டம் அடித்துவிட்டுப் போகுமே, அப்போது பக்கத்துப் பத்து பெரிங்கி கடற்கரையில் கொஞ்சம் நுரை கிளம்பும். ரொட்டி சானாய் சாப்பிட்டு முடிப்பதற்குள் அதுவும் அடங்கிவிடும்.

கணக்காகவும் இதைப் பார்க்கலாம். ஆழ்கடலில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணுங்கள். அதை அதாலேயே பெருக்கி, பிறகு 1.56ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். நம் நீரிணையின் 4 நொடி அலைக்கு 25 மீட்டர். தெற்கிலிருந்து வரும் 14 நொடி அலைக்கு 300 மீட்டருக்கு மேல். தன் நீளத்தில் பாதி ஆழம் வந்ததுமே அலை தரையை உணர ஆரம்பிக்கும். நீண்ட அலை அங்கிருந்தே மெல்ல வேகம் குறைந்து, நெருங்கி, உயர்ந்து எழும். குட்டி அலைக்கு அந்த அவகாசமே இல்லை. கரைக்குப் பக்கத்தில் வந்து சொத்தென்று விழும்.

அமைதியான கடலாக இருப்பதில் நமக்கு நஷ்டம் மட்டுமில்லை. தெலுக் பாஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயிலின் மாசி மகத் தெப்பத் திருவிழா கடலிலேயே நடக்கிறது. கிழக்குக் கரையிலுள்ள செராத்திங்கில் மழைக்காலத்தில் தெப்பம் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த அமைதி ஒரு முறை பொய்த்தது, 2004 டிசம்பர் 26. சுனாமியின் அலைநீளம் மீட்டர் கணக்கில் அடங்காது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அது சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி வளைந்து வந்தது. அன்று மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்குக்காரர்கள். சாதாரண அலையைத் தடுக்கும் தீவு எல்லா அலையையும் தடுத்துவிடாது.

இனி அந்தக் காணொளிக்கு வருவோம்.

அலை எங்கே உடையும் என்பதை ஆழம்தான் முடிவுசெய்கிறது. தோராயமாகச் சொன்னால், அலையின் உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அது நிலைகொள்ளாமல் கவிழும். 1.5 மீட்டர் அலை என்றால் சுமார் 2 மீட்டர் ஆழத்தில். பவளப் பாறையின் மேல் உடையும் அலை ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் உடையும், ஏனென்றால் பாறை நகராது. மணல் கரையில் அப்படியில்லை. நேற்று திட்டு இருந்த இடத்தில் இன்று பள்ளம் இருக்கும். போன வாரம் நன்றாக அலை வந்த இடத்தில் இந்த வாரம் வெறும் நுரை.

மணல் கரையில் இன்னொரு சங்கடமும் உண்டு. தரை ஒரே சீராக இருந்தால் அலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே நேரத்தில் மடிந்து விழுந்துவிடும், கதவை அறைந்து சாத்துவது போல. அதில் சறுக்க முடியாது. சறுக்குபவருக்கு வேண்டியது ஓர் இடத்தில் முதலில் உடைந்து, அங்கிருந்து படிப்படியாகப் பக்கவாட்டில் உடைந்துகொண்டே போகும் அலை. அந்த உடைப்புக்கு ஓரடி முன்னால், இன்னும் உடையாத பச்சைச் சுவரில் ஓடுவதுதான் அலைச்சறுக்கு. ஆக, மேடும் பள்ளமுமான தரை வேண்டும். ஓரிடத்தில் திட்டு, பக்கத்தில் பள்ளம்.

ஜெட்டி செய்து கொடுப்பது இதைத்தான். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

ஓடும் தண்ணீருக்குள் ஒரு தூணை நட்டால் அதன் காலடியில் நீர் சுழலும். ஆற்றில் பாலத் தூணைச் சுற்றிக் குழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. கடல் ஜெட்டியில் நூற்றுக்கணக்கான தூண்கள் வரிசையாக நிற்கின்றன. தனித்தனிக் குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஜெட்டிக்கு அடியில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் உண்டாகிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டக் என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே ராணுவப் பொறியாளர்கள் ஆராய்ச்சிக்கென்றே 1970களில் சுமார் 560 மீட்டர் நீள ஜெட்டி ஒன்றைக் கட்டினார்கள். கடலை அளக்கக் கட்டிய ஜெட்டியே தனக்கு அடியில் கடலடியை மாற்றிவிட்டது. அந்தப் பள்ளத்தைக் கணக்கில் கழித்துக்கொண்டுதான் அங்கே அளவெடுக்க வேண்டியிருந்தது.

இதோடு கரையோர நீரோட்டமும் சேர்ந்துகொள்கிறது. அலை கரைக்கு நேர்கோட்டில் வருவது அபூர்வம். ஒரு பக்கம் சாய்ந்தே வரும். அதனால் கரையை ஒட்டி ஒரு திசையில் தண்ணீரும், தண்ணீரோடு மணலும் நகர்ந்துகொண்டிருக்கும். தூண்களுக்குள் நுழையும்போது அந்த ஓட்டம் தடுமாறுகிறது. ஒரு பகுதி ஊடுருவிப் போகிறது, ஒரு பகுதி ஜெட்டியோரமாகக் கடலை நோக்கித் திரும்பிவிடுகிறது. குளிக்கப் போகிறவர்கள் பயப்படும் இழுப்பு இதுதான். இந்த இழுப்பு வாய்க்காலை இன்னும் தோண்டுகிறது. தோண்டிய மணலும் தடுமாறிய மணலும் பக்கத்தில் திட்டாகப் படிகின்றன.

இப்போது ஓர் அலை உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டின் மேல் ஆழம் குறைவு, அங்கே முதலில் உடைகிறது. ஜெட்டிப் பக்கம் வாய்க்கால், ஆழம் அதிகம், அங்கே உடைய நேரம் எடுக்கிறது. அதாவது உடைப்பு திட்டில் தொடங்கி ஜெட்டியை நோக்கி ஓடுகிறது. படத்தில் நாலு பேரும் தூண்களை நோக்கியே பாய்ந்து வந்தார்களே, காரணம் இதுதான். வீம்புக்கு அல்ல, அலை அந்தப் பக்கம்தான் போகிறது. சிலர் கடைசி நொடியில் பலகையைத் திருப்பி அலையின் மேலேறி வெளியேறுவார்கள். சிலர் தூண்களுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் வருவார்கள். ஜெட்டிமேல் நிற்பவர்கள் கை தட்டுவார்கள். எனக்கு அது வீரமாகத் தெரியவில்லை, ஆனால் பார்க்கும்போது மூச்சு நின்றுவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குளிப்பவரைக் கொல்லும் அதே இழுப்பு சறுக்குபவருக்கு ஓசிப் பயணம். பலகைமேல் படுத்துக் கையால் துழாவி நுரையை எதிர்த்துக் கடலுக்குள் போவது உயிர் போகிற வேலை. ஜெட்டியோர இழுப்பில் அலை அதிகம் உடையாது, தண்ணீரும் வெளியே இழுக்கும். எஸ்கலேட்டரில் ஏறின மாதிரி, சறுக்குபவர்கள் அலைக்குக் காத்திருக்கும் பின்வரிசைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அப்புறம் அடையாளம். திறந்த கடலில் நாம் எங்கே மிதக்கிறோம் என்பதே தெரியாது, ஐந்து நிமிடத்தில் நூறு மீட்டர் நகர்ந்திருப்போம். ஜெட்டி இருந்தால் எந்தத் தூணுக்கு நேரே இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளலாம். அலை, போகும் வழி, அடையாளம் மூன்றும் ஒரே இடத்தில். கூட்டம் வேறெங்கே போகும்?

இதற்கெல்லாம் முன்பே அங்கே கூட்டம் இருந்தது என்பது இன்னொரு விஷயம். ஹவாயில் பிறந்த ஜார்ஜ் ஃப்ரீத் என்ற இளைஞர் 1907இல் கலிபோர்னியாவுக்கு வந்தார். ஹென்றி ஹண்டிங்டன் என்ற ரயில் முதலாளி அவரை ரெடோண்டோ பீச்சில் அலைச்சறுக்கு செய்து காட்ட அமர்த்தினார். வேடிக்கை பார்க்க ஆள் வந்தால் ரயில் டிக்கெட் விற்கும், கரையோர மனை விற்கும். அதே ரயில் போய்ச் சேர்ந்த இன்னொரு ஊர் அவர் பெயரையே சூட்டிக்கொண்டது, அதுதான் ஹண்டிங்டன் பீச். அங்கே முதல் மர ஜெட்டி 1904இல் வந்தது. புயல் அதைக் கொண்டுபோனது. 1914இல் கான்கிரீட் ஜெட்டி. அதன் திறப்பு விழாவிலும் ஃப்ரீத் அலைமேல் நின்று காட்டினார். ஐந்து ஆண்டு கழித்து, உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சலில் இறந்துபோனார், வயது 35. 1959இலிருந்து அங்கே பெரிய போட்டிகள். 1980களின் புயல்களில் அந்த ஜெட்டியும் நொறுங்கி, இப்போது நிற்கும் 564 மீட்டர் ஜெட்டி 1992இல் திறக்கப்பட்டது. ஜெட்டி, ரயில், வேடிக்கை, வியாபாரம் எல்லாம் சேர்த்தே விதைக்கப்பட்ட கூட்டம் அது. ஜெட்டிக்கு வடபக்கம் குளிர்காலத்து மேற்கு, வடமேற்கு ஸ்வெல்லுக்கு நல்லது. தென்பக்கம் கோடையில் தெற்கிலிருந்து வருவதற்கு. ஆண்டில் எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

பின்னால் வந்த மூன்று பொருள்கள் அந்தக் கூட்டத்தைப் பெருக்கின. முதலாவது காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு, 1970களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் பலகையிலிருந்து விழுந்தால் அது கரைக்குப் போய்விடும், நீந்திப் போய் எடுத்து வர வேண்டும். நீச்சல் சரியாகத் தெரியாதவர்கள் தானாகவே விலகிவிடுவார்கள். கயிறு வந்ததும் அந்தச் சல்லடை போயிற்று. இரண்டாவது, விலை குறைந்த, மெத்தென்ற ஃபோம் பலகை. மூன்றாவது, தகவல். 1985இல் கலிபோர்னியாவில் காசு கட்டிப் போன் செய்தால் அலை எப்படி என்று சொல்லும் சேவை வந்தது. பிறகு இணையம், ஜெட்டிகளில் கேமரா. முன்பெல்லாம் விடியற்காலையில் கரைக்குப் போய்ப் பார்த்தவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம் இப்போது படுக்கையில் கிடப்பவனுக்கும் தெரிகிறது. நல்ல அலை என்றால் ஒரு மணி நேரத்தில் கார் நிறுத்த இடமிருக்காது.

சும்மா ஒரு கணக்கு போடுவோம். ஸ்வெல் அலைகள் கொத்துக் கொத்தாக வரும். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு கொத்து, கொத்துக்கு நாலு நல்ல அலை என்று வையுங்கள். மணிக்கு இருபது. தண்ணீரில் நாற்பது பேர். ஆளுக்கு மணிக்கு அரை அலை. ஒவ்வொன்றும் எட்டுப் பத்து நொடி. இவ்வளவு அரிதான ஒரு பொருளுக்கு டிக்கெட் கிடையாது, டோக்கன் கிடையாது, போலீஸ் கிடையாது. வரிசையும் கிடையாது, ஏனென்றால் மணல் கரையில் உச்சி, அதாவது அலை முதலில் உடையும் இடம், ஒவ்வொரு அலைக்கும் பத்து மீட்டர் இப்படியும் அப்படியும் தள்ளித்தான் எழும். யார் முறை என்பதை மூன்று நான்கு நொடிக்குள் எல்லோரும் ஒரே மாதிரி முடிவுசெய்தாக வேண்டும்.

எழுதாத சட்டம் வந்தது அதற்குத்தான். அலை முதலில் உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. ஓர் அலைக்கு ஒருவர். அவர் எழுந்துவிட்டால் அவருக்கு முன்னால் யாரும் இறங்கக் கூடாது. இறங்கினால், நம் ஊர் பாஷையில் போத்தோங் கியூ, வரிசையில் குறுக்கே புகுவது. இன்னொரு திருட்டுத்தனம், அலை வரும்போது ஒருவரைச் சுற்றிப் போய் அவரைவிட உச்சிக்கு அருகில் உட்கார்ந்துகொள்வது. சட்டப்படி பார்த்தால் அருகில் இருப்பது நீங்கள்தான். ஆனால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த நாளில் உங்களுக்கு யாரும் எதையும் விட்டுத் தர மாட்டார்கள்.

உள்ளே துழாவிப் போகிறவர்களுக்கான விதியைச் சொல்ல நமக்குத் தைப்பூசத்தைவிட நல்ல உதாரணம் வேண்டாம். தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளில் காவடி ஏறி வருகிறது. நீங்கள் அந்த வழியைக் கடக்க வேண்டும். காவடி எடுத்தவர் நிற்க முடியாது, திரும்பவும் முடியாது, முதுகில் பாரம். ஒதுங்க வேண்டியது நீங்கள்தான், காவடிக்கு முன்னால் குறுக்கே ஓடாமல், அது போன பிறகு பின்னால் கடக்க வேண்டும். அலையிலும் அப்படியே. சறுக்கி வருபவர் போகும் திசையில், அந்தப் பச்சைச் சுவர்ப் பக்கம், தப்பித்து ஓடப் பார்க்கக் கூடாது. அவருக்குப் பின்னால் நுரை இருக்கும், அதற்குள் போய் அடி வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் நாளில் யாருக்கும் மனம் ஒப்பாது. உடம்பு தானாக நுரையை விட்டு விலகி, சரியாக அவர் வழியில் போய் நிற்கும்.

ஜெட்டி இந்த விதிகளை இன்னும் கடினமாக்குகிறது. திறந்த கரையில் கூட்டம் இரண்டு பக்கமும் பரவலாம், ஓர் அலையின் இடப்பக்கம் ஒருவரும் வலப்பக்கம் ஒருவரும் போகலாம். ஜெட்டி ஒரு பக்கத்தை அடைத்துவிடுகிறது. எல்லோரும் ஒரே மூலைக்குள். எதிரே தூண்கள், அவற்றில் கத்தி மாதிரி சிப்பிகள். மேலே தூண்டில் போடுபவர்கள், கண்ணுக்குத் தெரியாத நரம்பு, முனையில் கொக்கி. அவர்களுக்கும் அந்த இடத்தில் உரிமை இருக்கிறது, அவர்கள் சறுக்குபவர்களுக்கு முன்பே வந்தவர்கள். காலில் கட்டிய கயிறுகூட இங்கே எமன் ஆகலாம். பலகை தூணுக்கு ஒரு பக்கமும் ஆள் மறுபக்கமும் போனால் கயிறு தூணில் சுற்றிக்கொள்ளும், அடுத்த அலை காத்திருக்காது. அதனால் ஓட்டம் எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்க வேண்டும். ஜெட்டியைவிட்டு விலக்கும் பக்கம் புதியவருக்கு. ஜெட்டியை நோக்கித் தள்ளும் பக்கம் அங்கேயே பழகியவருக்கு. தள்ளிக்கொண்டு போகிறது என்று தெரிந்தால் எதிர்த்துத் துழாவிக் களைத்துப்போகாமல் சீக்கிரமே கரையேறி, மணலில் நடந்து, மறுபடி ஆரம்ப இடத்துக்குப் போக வேண்டும். ஜெட்டிமேல் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கினால் இதில் பாதி முன்பே தெரிந்துவிடும். மேலிருந்து பார்க்க இவ்வளவு வசதியான இடம் வேறு எங்கும் கிடைக்காது, அதைப் பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

விதி இருக்கிறது என்பதற்காக அது எல்லோருக்கும் ஒன்று போல நடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளூர்க்காரன் போத்தோங் செய்தால் கண்டுகொள்ள மாட்டார்கள், வெளியூர்க்காரன் செய்தால் கத்துவார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரை நெடுகக் கான்கிரீட் ஜெட்டிகள், அவற்றின் இடையே புகழ்பெற்ற அலைகள். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளை இறக்கிய ஊர் அது. பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். ஆனால் நிறவெறி ஆட்சியில் எந்தக் கரையில் யார் கால் நனைக்கலாம் என்பதைத் தோல் நிறம் முடிவுசெய்தது. 1989இல்தான் அரசு கடற்கரைகளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அலை யாருக்கு என்று கேட்பதற்கு முன்னால், கரைக்கு வர யாருக்கு உரிமை இருந்தது என்று கேட்க வேண்டிய ஊர்களும் உண்டு.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் பழக வேண்டுமென்றால் வழி இருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென் சீனக் கடலை உழுகிறது, அப்போது பகாங்கின் செராத்திங்கில் முனையைச் சுற்றி இடப்பக்கமாக உடையும் அலை நீளமாக ஓடும். கோலாலம்பூரிலிருந்து மூன்றரை மணி நேரம். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் போனால் 600 கிலோமீட்டருக்கு மேல், ஒரு நாளைத் தூக்கிப் போட வேண்டும். அங்கே ஜெட்டி இல்லை, ஆனால் கூட்டத்தில் எப்படி நடந்துகொள்வது என்று கற்றுக்கொள்ளலாம். ஈயச் சுரங்கம் மூடிய பள்ளத்தில் 1993இல் திறந்த சன்வே லகூன் கேளிக்கைப் பூங்காவின் அலைக்குளம் இதற்கு உதவாது. அங்கே தரை சிமெண்டு, அலை இயந்திரம், எல்லோரும் ஒன்றாகக் குதிப்பார்கள். யார் முறை என்ற கேள்வியே எழாது.

நான் கற்றுக்கொண்டது ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில், படிக்கப் போன காலத்தில். அங்கே ஸ்பிட் என்ற இடத்தில் 1986இல் கட்டிய ஒரு ஜெட்டி இருக்கிறது. மணலை உறிஞ்சுவதற்கென்றே கட்டியது. தெற்கிலிருந்து கரையோரமாக நகர்ந்து வரும் மணல் படகுகள் கடலுக்குப் போகும் வாயை அடைத்துவிடாமலிருக்க, ஜெட்டிக்கு அடியிலுள்ள பம்புகள் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் மணலை உறிஞ்சிக் குழாய் வழியாக வாய்க்கு அந்தப் பக்கம் தள்ளுகின்றன. தூண் தோண்டும் பள்ளம் போதாதென்று இயந்திரமும் தோண்டுகிறது. அதன் ஓரத்தில் அலையும் கூட்டமும் எப்படி இருக்கும் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

பினாங்குக் கடலில் நீந்திப் பழகிய தைரியத்தில் இரவல் ஃபோம் பலகையோடு தென்பக்கம் இறங்கினேன். அதாவது, ஓட்டம் ஜெட்டியை நோக்கித் தள்ளும் பக்கம். அது எனக்குத் தெரியாது. பத்து நிமிடத்தில் தூண்கள் முகத்துக்கு நேரே வந்துவிட்டன. கரையேறி நடந்தேன். மறுபடி இறங்கினேன், மறுபடி நடந்தேன். மூன்றாவது முறை ஓர் அலை வந்தது, திரும்பிப் பார்க்காமல் எழுந்தேன். என்னைவிட உச்சிக்கு அருகில், ஏற்கெனவே அந்த அலைமேல் நின்றிருந்த நரைத்த தாடிக்காரர் என்னை இடிக்காமலிருக்கப் பலகையைப் பிடுங்கித் திருப்பி அலைக்குள் விழுந்தார். கத்துவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு அலைக்கும் யார் உச்சிக்கு அருகில் இருக்கிறார்கள் என்று விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். அவளுடையது. அவனுடையது. என்னுடையது. அப்படி ஒரு மணி நேரம். கடைசியில் ஒன்று வந்தபோது என் பக்கம் விரலை நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றுக்கும்.

"எவ்ளோ நேரம் மாமா தண்ணியில இருந்தீங்க?" என்றான் அக்கா மகன்.

மூன்று மணி நேரம்.

விரல் விட்டு எண்ணினான். "மூணு மணி நேரத்துக்கு ரெண்டு அலை. பதினாறு செகண்டு."

பதினெட்டு, என்றேன். இரண்டாவது கொஞ்சம் நீளம்.